அவிநாசியில் இரு மனைகள்

கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற திருத்தலங்கள் ஏழு. அவற்றுள் திருமுருகன்பூண்டியும் திருப்புக்கொளியூர் அவிநாசியும் திருப்பூருக்கு அணித்தே ஒன்றற்கொன்று அண்மையில் விளங்குகின்றன. 2009-ஆம் ஆண்டில் திருப்பூர் தனி மாவட்டமானபோது இரண்டும் அதன் அகத்தே அமைந்தன. இரண்டினையும் பாடியருளியவர் நம்பியாரூரப் பெருமானே. பூண்டியில் அவர் சேரமான் பெருமாள் அளித்த பொருளைப் பறிகொடுத்துப் பின் மீளப் பெற்றனர். அவிநாசியில் ஒரு குடி பறிகொடுத்த மகனை மீட்டளித்தனர். பனியன் தொழிலாற் பொருள் பெருகிய ஒரு வட்டாரத்தின் வாயிலில் பொருளிழப்பையும் மகவிழப்பையும் நினைவூட்டும் இத்தலங்கள் இரண்டும் அமைந்தமை எண்ணத்தக்கது.

இவ்வட்டாரத்துப் பெருங்குடும்பத்தார் ஒருங்கு கூடி மகிழும் நாட்கள் பலவாம். பெரியவர்க்கு மணிவிழா, எண்பது நிரம்பியவர்க்கு ஆயிரம் பிறை கண்ட விழா, பெயரன் பெயர்த்தியர்க்குக் காதணி, மருத்துவமோ பொறியியலோ கற்றுத் தேறிய பிள்ளைக்குப் பாராட்டு, பனியன் கம்பெனி தொடங்கி இருபத்தைந்தோ ஐம்பதோ ஆண்டு நிறைந்தமைக்கு விருந்து, குலதெய்வத்தின் காணிக்கோயிலில் குடமுழுக்கு என இவை ஆண்டுதோறும் வந்துகொண்டே யிருப்பன. பங்காளிகள் ஒருபுறமும் மாமன் மைத்துனர் மற்றொருபுறமுமாகப் பந்தி நிரம்பும். அயல்நாட்டிலிருக்கும் பிள்ளைகளும் விடுமுறை பெற்று வந்து சேர்வர். சில குடும்பத்தார் கொடிவழிப் படமும் ஒவ்வொருவர் பெற்ற பட்டமும் பதவியும் நிழற்படங்களும் அடங்கிய மலரொன்றை அச்சிட்டு வழங்குதலும் உண்டு. அறுபதும் எண்பதும் நிரம்பியோர் திருக்கடவூர் சென்று, மார்க்கண்டேயர் பொருட்டுக் காலனைக் காலால் உதைத்த பெருமான் திருமுன்னே மாலை மாற்றிக்கொள்ளுதலும் பெருவழக்கு.

இவையனைத்தும் நல்லனவே. சிவநெறி இல்லறத்தை இகழ்வதன்று. சுற்றத்தார் கூடி மகிழ்தலை விலக்குவதுமன்று. மணிவிழாவும் மலரும் வீண் ஆரவாரமென்று கடிந்தொதுக்குவோர் சிலர் உளர். அவர் கூற்று மிகையென்றே சொல்லுதல் வேண்டும். ஒரு குடி தான் கடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்த்து, இத்துணையும் திருவருள் என்று கைகூப்புதல் வழிபாட்டின் ஒரு கூறேயாம். ஆயினும், குடியின் சிறப்பை எண்ணுங்கால் எவரெவரை எண்ணுவது, எவரெவரை விடுவது என்னும் வினா அங்கே எழாமற் போவதில்லை. அவ்வினாவுக்கு விடை காண்பதற்கு இவ்வட்டாரத்தார் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அவிநாசித் திருவீதி போதும்.

அவ்வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் வெள்ளானைச் சருக்கத்தில் விரித்தருளினர். அன்பர்கள் அறிந்ததே எனினும், அதன் நடையை அடிதோறும் நின்று நோக்குதல் பயன் தரும். சேரமான் பெருமாளைக் காணும் வேட்கையால் திருவாரூரினின்றும் புறப்பட்ட நம்பியாரூரர், கொங்கு நாட்டை அடைந்து, திருப்புக்கொளியூரில் மறையோர் வாழும் மாட வீதி வழியே எழுந்தருளுகின்றனர். அங்கே ஒரு மனையில் மங்கல வொலி எழுகின்றது. அதற்கு எதிர்மனையில் அழுகை யொலி எழுகின்றது. இரண்டும் ஒரே வேளையில், ஒரே வீதியில், ஒருவர் செவியில் வந்து விழுகின்றன. வன்றொண்டர் நின்று, இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்தற்குக் காரணம் யாதென்று அங்குள்ளாரை வினவினர்.

ஐந்து வயதுச் சிறுவர் இருவர் ஒரு மடுவிற் குளிக்கச் சென்றனர். ஒருவனை முதலை விழுங்கிற்று. பிழைத்து வந்த மற்றவனுக்கு இப்போது பூணூற் கலியாணம் நடைபெறுகின்றது. அம்மங்கல வொலியே இது. இறந்த மகன் இருந்தானாயின் அவனுக்கும் இந்நாள் வந்திருக்குமே என்று பெற்றோர் அழும் ஒலியே அது. அவர்கள் சொல்லிய காரணம் இத்துணையே.

ஈண்டு நுணுகி உணரத்தக்கது ஒன்றுண்டு. எதிர்மனையார் அந்நாளிற்றான் மகனை இழந்தாரல்லர். இழந்து ஆண்டுகள் கழிந்தன. இடையில் அவர்தம் துயர் ஒருவாறு அடங்கியே இருந்திருக்கும். அதனை மீளக் கிளர்த்தியது அடுத்த மனையின் மேளமே. ஒரு குடியின் நன்னாள் மற்றொரு குடிக்கு ஆண்டுக் கணக்கை நினைவூட்டுகின்றது. ஒத்த வயதினர் இருவராயின், ஒருவன் அடையும் ஒவ்வொரு படியும் மற்றவன் அடையாத படியாய்ப் பெற்றோர் நெஞ்சில் நிற்கும். மகவை இழந்த எந்தத் தாயும் இதனை அறிவாள். சேக்கிழார் பெருமான் மங்கல மனையாரைக் குறை கூறினாரல்லர். அவர்தம் மகிழ்ச்சியிற் பிழையில்லை. உரிய பருவத்திற் செய்யவேண்டிய சடங்கை அவர்கள் செய்தனர். ஆனால் அழுகையைக் கேட்டு நின்று வினவியவர் வீதிவழி வந்த ஒருவரே என்பதும் அவ்வரலாற்றில் உள்ளது.

அதற்கு மேலும் ஒன்று. வன்றொண்டர் எழுந்தருளினார் என்று கேட்டவுடன், மகனை இழந்த அந்தணரும் அவர் மனைவியாரும் அழுகையை அடக்கி, முகமலர்ச்சியோடு வந்து அடிபணிந்தனர். மகனை இழந்தவர் நீவிரோ என்று அவர் வினவியபோது, அது முன்னே கழிந்தது என்று சொல்லி, அவரைக் காணவேண்டுமென்று நெடுநாள் விரும்பியிருந்த தம் அன்பையே எடுத்துரைத்தனர். மகனை இழந்த துயரினும் அடியாரைக் கண்ட மகிழ்ச்சியைப் பெரிதாக்கிய அவ்வன்பே நம்பியாரூரரை அசைத்தது. இவர் மகனை மீட்டுக் கொடுத்த பின்னரே அவிநாசிப் பெருமானைப் பணிவேன் என்று துணிந்தனர். கோயிலுக்குச் செல்லும் வழியில், கோயிலையே பின்னுக்கு வைத்துக் குளக்கரைக்குத் திரும்பினர். திங்களூரில் அப்பூதியடிகள் தம் மூத்த மகன் அரவு தீண்டி இறந்ததை மறைத்து நாவுக்கரசருக்கு அமுது படைக்க முயன்றதும் இத்தகைய அன்பே. துயரை மறைத்து விருந்தோம்பும் மனைகள் அடியார் வரலாற்றில் ஒன்றல்ல என்க.

மடுவின் கரையில் நின்று பாடியருளிய பதிகத்தின் நான்காம் திருப்பாடலிலே, முதலையிடமிருந்து பிள்ளையைத் தரும்படி காலனுக்குச் சொல்லுமாறு இறைவனை வேண்டுகின்றனர். நீர் பெருகிற்று, முதலை வந்தது, தான் உண்ட பிள்ளையைக் கரையிற் கொணர்ந்து வைத்தது. அவ்வாறு வந்த பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளையல்லன். கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியும் நிரம்பியவனாய் வந்தான். மீட்டவர் உயிரை மட்டும் மீட்கவில்லை. இடையே இழந்த ஆண்டுகளையும் மீட்டுக் கொடுத்தனர். உடன் பிறவாத தோழனுக்கு ஒத்த வயதினனாய் அவன் நின்றான்.

இனி, கொங்கு நாட்டுச் சீர்களை நோக்குவோம். இந்நாட்டு வேளாளர் முதலியோர் குடும்ப நிகழ்ச்சிகளைச் சீர் என்றே வழங்குவர். திருமணத்தில் மணமகனுடைய உடன்பிறந்தாள் முன்னின்று செய்யும் இணைச்சீர், மணமான பெண்ணுக்குச் செய்யும் எழுதிங்கட்சீர் என அவை பல. இவற்றை நடத்திவைக்கும் அருமைக்காரர் என்னும் பெரியவர், அதற்கென ஒரு சீரைச் செய்துகொண்டு உரிமை பெற்றவராவர். மக்கட்பேறு உடையராயிருத்தல் அதற்கு வேண்டப்படும். குடிமகன் மங்கல வாழ்த்தினை ஓதுவான். உடன்பிறந்தாளுக்கு இத்துணைச் சிறப்பிடம் அளித்த வழக்கம் பாராட்டத்தக்கதே. பிறந்தகத்தோடு அவளுக்குள்ள உறவு மணத்தோடு அற்றுப்போவதன்று என்று இணைச்சீர் ஊரறியச் சொல்கின்றது.

ஆயின் அச்சீர்களின் மறுபுறமும் உண்டு. கணவனை இழந்தாள் முன்வரலாகாது. மகவில்லாதவள் தட்டைத் தொடத் தயங்குவாள். மணமாகாத மூத்தவள் அடுக்களையில் நின்றுகொள்வாள். இவ்வழக்கம் இப்போது பல குடும்பங்களில் தளர்ந்து வருகின்றது, தளர்ந்தது நன்றே. எனினும் தளராத இல்லங்களும் உள்ளன. அங்கே அத்தையொருத்தி, தம்பியின் மக்கள் நால்வரையும் எடுத்து வளர்த்தவளாயிருப்பாள். அவர்கள் மணமேடையில் நிற்கும் வேளையில் அவள் பந்திக்கு இலை போடுமிடத்தில் நிற்பாள். மலரின் கொடிவழிப் படத்தில் அவள் பெயர்க்குக் கீழே கோடு இறங்குவதில்லை.

சைவர் இல்லத்தில் இங்ஙனம் நிகழ்தல் எத்துணை வியப்பு! திலகவதியார் யாவர்? அவர்க்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் துறந்தனர். மணமாகாமலே கணவனை இழந்தவராய், உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார், தம்பியின் பொருட்டு உயிர் தாங்கினர். பெற்றோரும் இல்லாத மனையைத் தாமே நடத்தினர். தம்பியார் புறச்சமயம் புக்கபோது திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டு மெழுகித் தொண்டு செய்து காத்திருந்தனர். அவர் சூலைநோயோடு மீண்டு வந்தபோது திருநீறளித்துத் திருவாயிலுக்கு அழைத்துச் சென்றனர். அவ்வம்மையார் இலராயின் நாவுக்கரசர் இலர். இந்நாளைச் சீர் வழக்கின்படி நோக்கின் அவர்க்குத் தட்டேந்தும் உரிமையில்லை. அறுபத்துமூவர் எண்ணிக்கையிலும் அவர் தனியே எண்ணப்பெற்றிலர் என்பது உண்மை. ஆயினும் சேக்கிழார் பெருமான் நாவுக்கரசர் புராணத்தைத் தொடங்குங்கால், அவர் பிறப்புக்கு முன்னரே அவ்வம்மையார் பிறப்பைச் சொல்லிச் செல்லுகின்றனர்.

பனியன் தொழிலை எடுத்துக்கொள்ளினும் இக்கணக்கே வருகின்றது. 1925-ஆம் ஆண்டை ஒட்டித் திருப்பூரில் முதற் பின்னலாடைத் தொழிலகம் தோன்றியதென்பர். பின்னர் வேளாண்மையினின்றும் கூலி வேலையினின்றும் வந்தோர் பலர், உடன்பிறந்தாரும் உறவினரும் பங்காளிகளாகக் கூடி, ஒன்றிரண்டு எந்திரங்களோடு தொடங்கிக் கம்பெனிகளை வளர்த்தனர். திருப்பூரைப் பற்றி ஷரத் சாரி என்னும் ஆராய்ச்சியாளர் 2004-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். முன்னேறிய முதலாளிகள் தம் உயர்வுக்குக் காரணமாக ‘உழைப்பு’ என்னும் ஒரு சொல்லையே மீள மீளக் கூறுவதை அவர் அந்நூலில் ஆராய்ந்துள்ளார். அச்சொல் பொய்யன்று. இரவு பகல் பாராது எந்திரத்தடியில் கிடந்தோர் அவர்கள். ஆனால் மலரில் அவ்வுழைப்பு ஒருவர் பெயரில் ஏறுகின்றது. முதல் எந்திரம் வாங்கத் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தவள், பங்கு பிரிந்தபோது குறைந்த பாகத்தைப் பேசாது பெற்றுக்கொண்ட தம்பி, ஒடிசாவினின்றும் பீகாரினின்றும் வந்து பண்டிகைக்கும் ஊர் திரும்பாது தைத்தவன் ஆகியோர் உழைப்பு எந்தப் பக்கத்தில் ஏறும்?

எதிர்மனையின் அழுகை தொழிலிலும் கேட்டதுண்டு. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலிற் கலந்து, 1992-இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிக் கீழ்ப்பாசன நிலங்களைக் கெடுத்தது. உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011-ஆம் ஆண்டு ஜனவரி 28-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட, 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பின்னர்க் கழிவுநீர் வெளியேறா முறையைக் கைக்கொண்டே அவை படிப்படியாகத் திறக்கப்பெற்றன. பட்டறை நடத்தியவரும் வயல் கெட்டவரும் வேற்று நாட்டாரல்லர். ஒரே ஆற்றின் மேற்கரையும் கீழ்க்கரையும் போல ஒரே வழக்கும் சீரும் உடையவர்கள். தறியும் சாயமும் தந்த செல்வத்தில் மணமண்டபம் எழுந்த அவ்வாண்டுகளிலேயே, கீழ்நிலத்துக் கிணறுகளில் நீர் உவர்த்தது. மணவிருந்துக்கு அழைப்பிதழ் அங்கும் சென்றிருக்கும், மொய்யும் எழுதியிருப்பர்.

எனின், குடியின் பெருமையை எண்ணும் ஏடு எங்ஙனம் அமைதல் வேண்டும்? சைவர்க்கு இதற்கொரு முன்மாதிரி உண்டு. அது திருத்தொண்டத்தொகை. அதனை அருளியவரும் அவிநாசி வீதியில் நின்று வினவிய அவரே. அஃது எழுந்த வரலாறே சிந்திக்கத்தக்கது. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் அடியார் கூடியிருக்க, அவர்களை வணங்காது ஒருவாறு ஒதுங்கிச் சென்ற நம்பியாரூரரை விறன்மிண்ட நாயனார் புறம்பென்றார். அவரை ஆட்கொண்ட பெருமானையும் புறம்பென்றார். எண்ணப்படாதோர் சார்பில் ஒருவர் சினந்த சினத்தினின்றே அத்தொகை பிறந்தது. பதினொரு திருப்பாடல்களில் வேந்தரும் வேடரும், குயவரும் வண்ணாரும், அந்தணரும் பாணரும் ஒருங்கே வரிசை பெறுகின்றனர். இறுதியில் தம் தந்தையார் சடையனாரையும் தாயார் இசைஞானியாரையும் பெயர் சுட்டித் தம்மை அவர் மகனாகக் கூறினர். தம் குடியைச் சொல்ல அவர் நாணவில்லை. ஆனால் அதனை ஈற்றில் வைத்தனர்.

தனியடியார் போகத் தொகையடியார் ஒன்பதின்மர் என்பது அதன் பிறிதொரு சிறப்பு. பெயர் தெரியாதோர், வேற்றிடத்தோர், முன் வாழ்ந்தோர், இனி வரப்போவோர் அனைவர்க்கும் இடமொதுக்கி, அப்பாலும் அடிச்சார்ந்தார் என்று ஒரு தொகை வைத்தனர். ஏடு எழுதுவோன் தன் ஏட்டில் தான் அறியாதவர்க்கும் ஒருவரி விட்டுவைத்தல் என்பது அதுவே. திருநல்லூர்ப் பெருமணத்தில் ஞானசம்பந்தர் திருமணத்தில் எழுந்த சோதியிலும், மணமக்களும் சுற்றத்தாரும் மட்டும் புக்காரல்லர். சிவிகை தாங்கி வந்தோரும் பணி செய்தோரும் காண வந்தோரும் உடன் புக்கனர் என்று சேக்கிழார் பெருமான் பிரித்துப் பிரித்துச் சொல்லுகின்றனர். திருமண வீட்டார் இன்று அழைப்பிதழில் அச்சிடும் பெயர் வரிசையோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம்.

அவிநாசிப் பெருமான் திருநாமத்தையே தாங்கியவரும் திருப்பூரில் 1903-ஆம் ஆண்டு பிறந்தவருமாகிய தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியாரை ஈண்டு நினைவு கூர்தல் பொருந்தும். அவர் மணஞ் செய்துகொள்ளவில்லை. கொடிவழிப் படம் வரைவோர் அவர் பெயரோடு கோட்டை நிறுத்திவிடுவர். அவர் 1930-இல் கோவையில் ஸ்ரீ ராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வியமைச்சராயிருந்து தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அக்கழகத்தின் வழியே பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. 1991-இல் அவர் மறைந்தபோது, அவர் நிறுவிய நிலையங்களிற் பயின்று வெளியேறியோர் பல்லாயிரவர். மகப்பேறில்லா ஒருவர்க்கு இவர்களையெல்லாம் எம்முறை சொல்லி எழுதுவதென்று எந்தக் கொடிவழிப் படமும் அறியாது.

மணிவிழா நடத்தும் இல்லத்தார்க்கு அரிய காரியம் எதுவும் இங்கே வேண்டப்படவில்லை. மலரில் ஒரு பக்கம், இளமையில் இறந்த பிள்ளைகளின் பெயரும் பிறந்த ஆண்டும் எழுதுதற்கு ஒதுக்கலாம். கொங்கு நாட்டுப் பாட்டிமார் அப்பெயர்களை மறந்தாரல்லர், கேட்பாரில்லாமையாற் சொல்லாதிருக்கின்றனர். தட்டேந்தும் வரிசையில் கணவனை இழந்த அத்தையைத் தம்பி மக்களே கைப்பிடித்து முன்னே நிறுத்தலாம். அருமைக்காரர் முதலிற் சற்றே தயங்கினும், திலகவதியார் பெயரைச் சொன்னால் மறுக்க மாட்டார். கம்பெனி விருந்தில் முதற் பந்தி, நெடுநாள் தைத்தவர்க்கு இடலாம். மேளத்தை நிறுத்த வேண்டுவதில்லை; எதிர்மனைக்கு ஒருவர் முன்னாளே சென்று வந்தாற் போதும்.

அவிநாசியில் இவ்வரலாறு இன்றும் பங்குனி உத்திரத்தை ஒட்டித் தாமரைக்குளத்தருகே விழாவாகக் கொண்டாடப்படுகின்றது. அங்கே வந்து நிற்போருட் பலர், பிள்ளையை முதலை உமிழும் அற்புதத்தை மட்டும் கண்டு கைகூப்பித் திரும்புவர். அதன் பின்னர் நிகழ்ந்தது ஒன்றுண்டு. தாய் ஓடி வந்து பிள்ளையை எடுத்தாள். வன்றொண்டர் அப்பிள்ளையோடும் பெற்றோரோடும் திருக்கோயில் புக்கு அவிநாசிப் பெருமானை வணங்கினர். வணங்கியபின் உடனே தம் வழியே சென்றாரல்லர். சேரமான் காத்திருக்க, மலைநாட்டுப் பயணத்தைச் சிறிது நிறுத்தி, முரசு இயம்ப அம்மைந்தனுக்கும் முந்நூல் அணியும் சடங்கைத் தாமே செய்வித்தனர். அன்று அவ்வீதியில் இரு மனையிலும் மங்கல வொலி எழுந்தது. அம்மைந்தர் இருவர் பெயரையோ, அவர்தம் பெற்றோர் பெயரையோ சேக்கிழார் பெருமான் கூறினாரல்லர்.